இடது பெடலின் பூஜ்ஜியம்

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருப்பதியில் என் முதுகைத் திறப்பதாக இருந்தது. மளிகை வாங்கி அடுக்கியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லியாகிவிட்டது. என் கணவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, அது ரசம்தான் என்று என்னை ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டார். எல்லாவற்றையும்விட, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கிவந்து கூடத்தில் டிவிக்கு எதிரே போட்டுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு "ச்சொ" கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் காரணம் என் இடது கால். அதன் பலம் குறைந்துகொண்டே வந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் சைக்கிள்.

சித்தூரில் நான் கணக்கு டீச்சர். வாழ்நாளில் பாதியைக் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழித்ததில் இடுப்புப் பக்கம் ஒரு டிஸ்க் பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த திருப்பதி டாக்டர் என்னைவிட நன்றாகவே சின்னவர். தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், உடற்பயிற்சி போதும். ஆனால் காலில் பலம் குறைவதாகத் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு நசுங்கிப் போனால் போன பலம் திரும்பாது, நொண்டிக்கொண்டுதான் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். நீந்துங்கள், இல்லையென்றால் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண் நீந்துவதென்றால் கிணறுதான் இருக்கிறது. அதில் இறங்கினால் ஊரே வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஓடிவரும். ஆகவே சைக்கிள் என்று முடிவாயிற்று.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் சைக்கிள் பைத்தியம். புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை ஹேண்டில்பார் உயர்த்தி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் இருந்த பெடல்கள் சாதாரணப் பெடல்கள் அல்ல. ஒவ்வொரு பெடலின் அச்சுக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்துகொண்டு, கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும். ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் அது வாட்ஸ் கணக்கில் வரும். அதோடு இடது கால் எத்தனை பங்கு, வலது கால் எத்தனை பங்கு என்று பிரித்தும் காட்டும். நூறு மார்க்கில் இடதுக்கு ஐம்பது, வலதுக்கு ஐம்பது என்று வந்தால் இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது மம்மி" என்றாள். "கால் பலம் கொறஞ்சா டாக்டருக்கு முன்னாடி இது சொல்லிடும்."

கணக்கு டீச்சரிடம் இப்படி ஒரு பொருளைக் கொடுத்தால் விடுவாளா? அன்றைக்கே நான் அதற்கு அடிமை. என் கணவருக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது. ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை, இது என்ன வண்டி என்பார். அவர் வைத்த பெயர் எலும்புக்கூடு. கையால்கூடத் தொடமாட்டார்.

மகள் எங்களோடு இருந்த அந்த ஒரு வாரமும் பெடலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தாள். முக்கியமானது ஒன்றுதான். தினமும் கிளம்பும் முன் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். காய்கறிக் கடையில் எலெக்ட்ரானிக் தராசின் மேல் காலித் தட்டை வைத்து ஒரு பொத்தானை அமுக்குவார்களே, அதே வேலைதான். ஒரு பாரமும் இல்லாத நிலையை 'இதுதான் பூஜ்ஜியம்' என்று பெடலுக்குச் சொல்லிக்கொடுப்பது. வெயிலுக்கும் குளிருக்கும் உலோகம் கொஞ்சம் மாறும் என்பதால் தினமும் சொல்ல வேண்டும்.

"பெடல் மேல கால வெக்காத. வண்டி ஆடக் கூடாது. அவ்ளோதான், பட்டன அமுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இரு" என்றாள். அவள் இருந்தவரை வண்டியை அவளே பிடித்துக்கொண்டாள். நான் பொத்தானை அமுக்கினேன். ஐம்பதுக்கு ஐம்பது வந்தது. அவள் ஊருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வண்டியைப் பிடிக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு விஷயம் உண்டு. ஜெபம் பண்ணாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. பழைய மிஷன் சபைக் குடும்பம். ஸ்கூட்டரானாலும் சரி, வாடகைக் காரானாலும் சரி, கையைக் கூப்பிக் கண்ணை மூடி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சக்கரம் உருள வேண்டும். கூப்ப இரண்டு கையும் வேண்டும். வண்டியோ தானாக நிற்காது. ஆனால் ஸ்டாண்ட் இல்லாத சைக்கிளை நிறுத்த எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி வாசல் படியின் ஓரத்தில் வைத்தால் வண்டி அதன்மேல் சாய்ந்து கெட்டியாக நிற்கும். எங்கள் வீட்டு வாசலில் கடப்பாக்கல் படி. இடது பெடலை அதன்மேல் வைப்பேன். வண்டி ஒரு இஞ்சு ஆடாது. பொத்தானை அமுக்குவேன். கையைக் கூப்புவேன். "ஆண்டவரே, போக வர காத்துக்கொள்ளும், ஆமென்" என்பதற்குள் பூஜ்ஜியமும் வைத்தாகிவிடும். கடவுள் வேலையும் கருவி வேலையும் ஒரே மூச்சில் முடிகிறதே என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இடது காலின் பங்கு நாற்பத்தாறு என்று வந்தது. தூக்கம் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் நாற்பத்தாறு, சில நாள் நாற்பத்தைந்து.

மகளுக்கு போன் செய்தேன். "டெய்லி ஜீரோ வெக்கிறியா?" என்றாள். "ஒரு நாள் தப்பாம வெக்கிறேன்" என்றேன். "பேட்டரி மாத்திப் பாரு" என்றாள். மாற்றினேன். பெடலை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன். எல்லாம் செய்தும் அதே நாற்பத்தைந்து.

பயந்தவள் என்ன செய்வாள்? தற்காப்புச் சாமான்களைச் சேர்ப்பாள். வழியில் கால் விட்டுப்போனால் என்ன செய்வது என்று சீட்டுக்குப் பின்னால் ஒரு பை மாட்டினேன். அதில் ஒவ்வொன்றாக ஏறின: வலி மருந்து ஸ்ப்ரே, இடுப்புப் பெல்ட், மாற்று செருப்பு, காற்றடிக்கும் பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர். இடது காலுக்கு ரோஷம் வரட்டும் என்று வேண்டுமென்றே அதை மட்டும் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். சாயங்காலம் அந்தத் தொடை கல்லாக வலிக்கும். வலித்ததும், பார்த்தாயா, நிஜமாகவே பலவீனம்தான் என்று இன்னும் பயம் பிடிக்கும். படிக்கட்டில் ஏறும்போது தன்னால் ஒரு சாய்வு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாற்காலியை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். போனில் இடது காலின் கோடு மழைத்தண்ணீர் வடிகிற மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போய் முப்பத்தாறுக்கு வந்தது.

அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், கட்டை விரலைத் தூக்கச் சொன்னார். பலம் நன்றாகவே இருக்கிறது என்றார். நான் விடவில்லை. போனை நீட்டினேன். "மீ சேதிகி தெலியது டாக்டர்காரு, தீனிகி தெலுசு" என்றேன். உங்கள் கைக்குத் தெரியாதது இதற்குத் தெரியும் என்று ஒரு டாக்டரிடம் சொல்ல எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. கோட்டை மேலும் கீழும் தள்ளி வெகுநேரம் பார்த்தார். கையால் பார்த்தால் சின்னக் குறைவு தெரியாது, உண்மைதான், இப்படித் தொடர்ந்து இறங்குகிறது என்றால் காத்திருப்பது நல்லதில்லை என்று மெதுவாகச் சொன்னார். மறுபடி ஸ்கேன் எடுத்தார். டிஸ்க் அதே இடத்தில் அப்படியேதான் இருந்தது. பிதுக்கம் கூடவில்லையே என்று அவரும் யோசித்தார். ஆனால் கோடு இறங்கிக்கொண்டிருந்ததே. கடைசியில் கோடுதான் ஜெயித்தது. நாள் குறித்தோம்.

வெளியே வந்ததும் என் கணவர் வெடித்தார். "அந்த ஆளு நல்லா இருக்குதுன்றாரு, நீ இல்ல இல்லேன்னு சண்ட போட்டுக்கினு இருக்கியே! உலகத்துல யாராவது கத்திய கேட்டு வாங்குவாங்களா?"

"நொண்டியானப்புறம் நீங்க தூக்கினு திரிவீங்களா?" என்றேன்.

மறுநாள்தான் அந்த நாற்காலி வீட்டுக்கு வந்தது.

சபையிலும் சேதி பரவிவிட்டது. எங்கள் போதகர் நல்ல மனிதர், ஆனால் எதையும் சுருக்கமாகச் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நோயாளிகளுக்கான ஜெபம் வந்தபோது, "நம்முடைய சகோதரியின் இடது காலை ஆண்டவர் கரத்தில் ஒப்புக்கொடுப்போம்" என்று மைக்கில் சொன்னார். சபை முழுக்கத் திரும்பி என் காலைப் பார்த்தது. நான் புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள்கூட என் முகத்தை விசாரிக்காமல் காலை விசாரித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை. ரத்தப் பரிசோதனைக்கும் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கவும் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் காரின் பின் சீட்டைச் சாய்த்துச் சைக்கிளையும் ஏற்றினேன்.

"இது எதுக்கு?" என்றார் கணவர்.

"அப்புறம் பல மாசம் தொட முடியாது. கடைசியா ஒரு தடவ ஓட்டிட்டு வந்துட்றேன்."

கடைசியாக என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நான் அழுதிருப்பேன், அது அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வேலையெல்லாம் முடிந்து சென்னைச் சாலையில் வடமாலபேட்டைப் பக்கம் வந்தோம். அங்கே பெரிய ரோட்டை விட்டு வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ரோடு சமமாக ஓடுகிறது. மேடு பள்ளம் இல்லை, லாரி இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார். முதல் நாள் மழை பெய்து ரோட்டோரம் சேறாகக் கிடந்தது. சைக்கிளை இறக்கினேன், ஷூ மாட்டினேன், பொத்தானை அமுக்கப் போனேன். பெடலை வைக்கப் படி இல்லை, கல் இல்லை, ஒன்றும் இல்லை. வண்டியை வயிற்றில் சாய்த்துக்கொண்டு நான் அங்கும் இங்கும் தேடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா தேட்றே?"

"வண்டி ஆடாம நிக்கணும். ஜெபம் பண்ணணுமே."

அவர் வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த எலும்புக்கூட்டைத் தொட்டார். சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ பண்ணு, நா புடிச்சிக்கிறேன்" என்றார்.

பொத்தானை அமுக்கிக் கண்ணை மூடினேன். அன்றைக்கு ஜெபம் நீண்டுவிட்டது. ஆண்டவரே, நடக்க மட்டும் விடும், மற்றதெல்லாம் பரவாயில்லை என்று கேட்டேன். கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுகூடப் பாடம் எடுத்துவிடுவேன், ஆனால் வீட்டுக்குள்ளே இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நாள் வேண்டாம் என்று கேட்டேன். ஆமென் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போய் போனைப் பார்த்தேன். இடது நாற்பத்தொன்பது.

பெடல் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை மாதம் நான் நம்பிய கருவி நல்லதாக ஒன்று சொன்னதும் அதை நம்ப எனக்கு மனமில்லை பாருங்கள். மெதுவாக மிதித்தேன், வேகமாக மிதித்தேன். நாற்பத்தெட்டு, ஐம்பது, நாற்பத்தொன்பது. திரும்பி வேப்பமரத்துக்கு வந்தேன். மறுபடி பூஜ்ஜியம் வைத்துப் பார்க்கலாம் என்றால் அவரைக் காணவில்லை. பெரிய ரோட்டுக் கடைக்கு நடந்துபோய்விட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது, அதற்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு கட்டை. வீட்டில் செய்வது போலவே இடது பெடலை அதன்மேல் வைத்து, பொத்தானை அமுக்கி, ஏறி ஓட்டினேன்.

முப்பத்தாறு.

என் கால் அப்படியேதான் இருக்கிறது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அது பாதி செத்துப் பிழைக்க வழியில்லை. நான் கணக்கு டீச்சர், ஒன்று மட்டும் மாறினால் அதைத்தான் பிடிக்க வேண்டும் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகள் தலையில் குட்டிக்குட்டிச் சொல்கிறவள். மாறியது என்ன? முதல் தடவை அவர் பிடித்தார். இரண்டாம் தடவை கட்டை பிடித்தது. கட்டையின் மேல் பெடல். பெடலின் மேல் வண்டி.

காலித் தட்டு என்று நான் தினமும் அமுக்கியது காலித் தட்டே இல்லை. முழு வண்டியும் சாய்ந்து அந்த ஒரு பெடலின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, இதுதான் பூஜ்ஜியம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கல் பெடலை எந்த அளவுக்குத் தள்ளியதோ அந்த அளவை ஒவ்வொரு மிதியிலும் என் காலின் கணக்கிலிருந்து அது ஒழுங்காகக் கழித்திருக்கிறது. காய்கறிக்காரர் தராசில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு பூஜ்ஜியம் போட்டு, பிறகு கல்லை எடுத்துவிட்டுத் தக்காளியை நிறுத்தால் எப்படி இருக்கும்? அதேதான். காலை வைக்காதே என்றாள் மகள், வைக்கவில்லை. வண்டி ஆடக் கூடாது என்றாள், ஆடவில்லை. பெடலைக் கல்லின் மேல் வைக்காதே என்று எந்த மகள் சொல்வாள்? பெங்களூரில் வாசலில் படி வைத்துக்கொண்டு யார் ஜெபம் பண்ணிக் கிளம்புகிறார்கள்?

அப்படியானால் மாதாமாதம் ஏன் குறைந்தது? சீட்டுக்குப் பின்னால் தொங்கிய பையைப் பார்த்தேன். கழற்றிக் கீழே வைத்தேன். பை இல்லாமல் கட்டைமேல் சாய்த்துப் பூஜ்ஜியம் வைத்தேன். நாற்பத்தைந்து வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயப்படப் பயப்படப் பையில் சாமான் ஏறியது. சாமான் ஏற ஏற வண்டி இன்னும் பாரமாகக் கல்லில் சாய்ந்தது. கால் இன்னும் கொஞ்சம் செத்தது. இடுப்புப் பெல்ட்டும் மாற்று செருப்பும் இரண்டு பாட்டில் தண்ணீரும் சேர்ந்து என்னை ஆபரேஷன் மேஜைவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டன.

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. இளநீர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் இரண்டையும் சேற்றில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாச்சி? இடுப்பா? உழுந்துட்டியா? அசையாத, அப்டியே இரு, நா கார கொண்ணாறேன்..."

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எனக்கு ஒண்ணுமே இல்லீங்க!"

அவருக்குப் புரியவைக்க மூன்று தடவை வண்டியைப் பிடிக்கச் சொல்லி ஓட்டிக் காட்டினேன். அவர் பிடித்தால் நாற்பத்தொன்பது, கட்டை பிடித்தால் முப்பத்தாறு. மூன்றாம் தடவை அவர் என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேற்றிலிருந்து இளநீர்களைப் பொறுக்கிக் கழுவி, ஒன்றை என் கையில் கொடுத்தார். "குடி, டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

காரைத் திருப்பி மறுபடி திருப்பதிக்கே போனோம். டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே கதையைச் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். நுனிக்காலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். இடது காலில் மட்டும் நின்று எம்பச் சொன்னார். எம்பினேன், ஒரு தடவை போதும் என்றார், நான் சந்தோஷத்தில் இன்னும் நாலு தடவை எம்பினேன். வரும்போது காரிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கியவள் இப்போது நேராக நடக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் சிரித்தார். "மீரு லெக்கல டீச்சர் கதம்மா?" என்றார். நீங்கள் கணக்கு டீச்சர்தானே அம்மா என்று கேட்கிறார். இதைவிட மரியாதையாக யாரும் என்னைத் திட்டியதில்லை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, டிஸ்க் அப்படியேதான் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள், ஆனால் கத்திக்கு இப்போது வேலை இல்லை, ஓட்டுங்கள், மூன்று மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார். திங்கட்கிழமைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எனக்கு முன்னாலேயே போன் செய்தார். அந்த நேரத்தில் என் தோளிலிருந்து என்னவோ ஒன்று இறங்கியது. அதை அளக்க எந்தப் பெடலும் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளிடம் போனில் பேசிக்கொண்டு வந்தேன். அவள் முதலில் அழுதாள், பிறகு, "படிமேலயா வெச்ச? நைனா, நீயாவது பாக்கலியா?" என்று அவரையும் சேர்த்துத் திட்டினாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நா அந்த எலும்புக்கூட்டு பக்கமே போனதில்லம்மா" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷனுக்காக விசேஷ ஜெபம் ஏற்பாடாகியிருந்தது. அதை, நடந்ததை நானே எடுத்துச் சொல்லும் சாட்சியாக மாற்றிவிட்டார் போதகர். முன்னால் வந்து நில்லுங்கள் என்றார். எனக்கு உண்மையைச் சொல்வதுதான் பழக்கம். தராசு, காலித் தட்டு, கல், கழித்தல் என்று எல்லாவற்றையும் ஏழாம் வகுப்புக்கு நடத்துவது போல விளக்கினேன். இது அற்புதம் ஒன்றும் இல்லை, நான் பெடலைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான் என்று முடித்தேன்.

முன் வரிசையில் இருந்த மாதர் சங்கத்துத் தலைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சரம்மா. வண்டியத் தொடவே மாட்டேன்னு இருந்த மனுசன அன்னிக்குத் தொட வெச்சது யாரு?"

சபை சிரித்தது, "ஆமென்" என்றது. நானும் சிரித்துக்கொண்டே என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை வந்தது. லீவு எடுத்தாகிவிட்டதால் பள்ளிக்கூடம் இல்லை. கழிப்பறை நாற்காலியைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றுவிட்டார்கள். அதை வாசலுக்குத் தள்ளிவிட்டு, மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ மாட்டினேன். எப்போதும் விடியலில் கிளம்புகிறவள் அன்றைக்கு வேண்டுமென்றே ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். பை இல்லை. ஒரே ஒரு பாட்டில் தண்ணீர்.

கூப்பிடாமலே அவர் வந்தார். படியில் இறங்கி, வண்டியை நேராக நிமிர்த்தி, சீட்டைப் பிடித்துக்கொண்டார். நான் பொத்தானை அமுக்கிக் கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன்.

போன் மறுத்துவிட்டது. வண்டியை அசைக்காமல் வைத்திருக்கவும் என்று எழுதிக் காட்டியது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அது அப்படிச் சொன்னதில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே.

"கொஞ்சம் அசையாம புடிங்களேன்" என்று நிமிர்ந்தேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். சீட்டைப் பிடித்த இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே சுவர்க்கடிகாரம் ஒன்பது அடித்துக்கொண்டிருந்தது.

"இந்நேரம் உன்ன உள்ள இட்னு போயிருப்பாங்க" என்றார். "நா வெளிய பெஞ்சில குந்திக்கினு இருந்திருப்பேன்."

அன்றைக்குக் கையைக் கூப்பவில்லை. அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்ணையும் மூடவில்லை. நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு விரலை மட்டும் எடுத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தேன்.

இந்தத் தடவை போன் ஏற்றுக்கொண்டது. "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.